கரி என்ற இரண்டு எழுத்து

2025 ஜூலை 3, வியாழன்.
இன்றைய தவறு: வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா தேடுவாளே என்று பஸ்ஸில் ஏறிய பிறகு பதறினேன். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் அந்தச் சாவிக்குப் பூட்டு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கதவும் இல்லை. இது தவறா, பழக்கமா என்று தெரியவில்லை. தவறு என்றே எழுதி வைக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டு சந்தனமாரி ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். ‘பதறினேன்’ கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. ‘நினைத்தேன்’ என்று மாற்றலாமா என்று பேனாவைத் திறந்தாள். மாற்றுவதென்றால் ராதாமணி டீச்சரின் முறைப்படி மாற்ற வேண்டும். தப்பான சொல்லின் குறுக்கே ஒரே கோடு, அதற்கு மேலே சரியான சொல், பக்கத்தில் சுருக்கொப்பம். கிறுக்கி அழிக்கக் கூடாது. அடித்தது என்ன என்று பிறகு வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பார் டீச்சர். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று அவள் பேனாவை மூடிவிட்டாள்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நடக்கும் தட்டச்சு வகுப்பு அது. பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் இங்கே வந்து தமிழ் லோயர் தேர்வுக்குப் படிக்கிறாள். விரல் ஓடினால் மட்டும் போதாது, வாக்கியமும் ஓட வேண்டும் என்று டீச்சர் கடைசிப் பத்து நிமிடம் ஒரு நோட்டில் தேதி போட்டு ஐந்து வரி எழுதச் சொல்வார். மற்ற பெண்கள் ‘இன்றும் மழை இல்லை’ என்று எழுதிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு போவார்கள். சந்தனமாரி மட்டும் ‘இன்றைய தவறு’ என்று ஒரு தலைப்பைத் தானாகவே போட்டுக்கொண்டாள்.

பழைய நோட்டு வீட்டோடு எரிந்துபோய்விட்டது. இது பக்கத்து மெஷினில் உட்காரும் காவியா கொடுத்த நோட்டு. தீக்குப் பிறகு முதல்நாள் வகுப்புக்கு வந்தபோது, நோட்டை நீட்டிக்கொண்டே காவியா கேட்டாள்.

“ஏட்டி, பேப்பர்ல காட்டுத்தீன்னு போட்டிருந்தானே. உங்க ஊர்ல காடு இருக்கா?”

“காடுன்னா புஞ்சைக் காடு. மக்காச்சோளம் போடுத காடு.”

“நான் புலி கிலி இருக்கும்னுலா நினைச்சேன்.”

“புலி இல்ல. பெருமாயி அத்தை இருக்கா.”

காவியா சிரித்தாள். பிறகு, “தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவ வீட்டுலயே தீயா” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சந்தனமாரிக்கு அது சுடவில்லை. அவளைச் சுடுவது வேறு.

ஜூன் ஒன்பதில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் இருபத்தைந்து நாள் எழுதிவிட்டாள். இருபத்தைந்து தவறுகள். இரவல் வாங்கிய சல்லடையைத் தட்டாமல் திருப்பிக் கொடுத்தது. வீடு இருந்த இடத்தில் போட்ட கொட்டகைக்குள் நுழைந்ததும் ஸ்விட்சுக்காகத் தகரத்தைத் தடவியது. நிவாரணமாக வந்த துணி மூட்டையில் நல்ல சுடிதாரை முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. எல்லாமே உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை. பெரிய தவறு ஒன்றை எழுதாமல் இருப்பதற்குத்தான் இந்தச் சின்னத் தவறுகளை இவ்வளவு ஒழுங்காக எழுதுகிறோமோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது.

*

குருவியூரணியின் கடைசித் தெருவில் ஆறு வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஆட்டுக்கும் மாட்டுக்குமாகச் சோளத்தட்டை அடுக்கிய படப்பு இருக்கும். படப்பைச் சுற்றி வேலிக்கருவேல முள்ளை வெட்டிப் போட்ட வேலி. தெருவுக்கு மேற்கே சந்தனமாரியின் அப்பா கடற்கரையின் மக்காச்சோளக் காடு, அறுவடை முடிந்து கட்டையும் சருகுமாகக் கிடந்தது. தெருவுக்குக் கிழக்கே ஓடைக்கரையில் சோலைமுத்துவின் கரிமூட்டம்.

சோலைமுத்துவும் அவர் மனைவி வள்ளிமயிலும் நாகலாபுரம் பக்கத்திலிருந்து பங்குனியில் வந்தவர்கள். ஓடைக்கரைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து, வாரக்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுப்பது அவர்கள் தொழில். எந்த இடத்தில் மண் வெடித்து நெருப்பு எட்டிப் பார்த்தாலும் உடனே மண் போட்டு அடைக்க வேண்டும். அதனால் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள்.

ஜூன் நான்காம் தேதி நடுப்பகல். அன்று ஆபீஸ் லீவு. சந்தனமாரி தெருக்குழாயில் நின்றாள். இரண்டு நாளாக மேற்கே இருந்து மேல்காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. முதலில் சடசடவென்று சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது கடைசி வீட்டுப் படப்பு எரிந்துகொண்டிருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு அவள் ஓடுவதற்குள் மூன்றாவது படப்பும் பிடித்துவிட்டது. தீ வீடுகளுக்கும் தாவியது. கூரை ஓட்டைத் தாங்கிய கம்புகள் எரிந்து, ஆறு வீடுகளிலும் ஓடு உள்ளே விழுந்தது.

ஆட்கள் சாகவில்லை. ஆடுகளும் தப்பின. ஆட்டுப் பட்டியை மூடிய, தீப்பிடித்த முள்படலை வெறுங்கையால் இழுத்தெறிந்து சந்தனமாரி வீட்டு ஆடுகளை வெளியே விரட்டிவிட்டது சோலைமுத்துதான். அவர் வலது உள்ளங்கை அப்போது வெந்தது. அவர் திரும்பிப் போய்ப் பார்க்கையில் அவருடைய குடிசையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, எல்லோரும் சமுதாயக் கூடத்தில் படுத்திருந்த சமயத்தில், தெருவின் பெரிய ஆளான கிருஷ்ணராஜ் ஒரு முழுநீளத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார். அவர் வீடும் ஆறில் ஒன்று.

“மாரி, உன் எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும். தாசில்தாருக்கு ஒரு மனு எழுதணும். உக்காரு.”

பெயர், தகப்பன் பெயர், எரிந்த சாமான் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். தீ எப்படி வந்தது என்று எழுத வேண்டிய மூன்றாவது வரிக்கு வந்தபோது அவர் கடற்கரையைப் பார்த்தார்.

“ஓய், உம்ம காட்டுப் பக்கம்தானே மொதல்ல பிடிச்சதா சொன்னாவ. எங்க இருந்துவே வந்துச்சு?”

கடற்கரை தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “மூட்டத்துல இருந்துதான்.”

சந்தனமாரி எழுதினாள்: ‘அருகிலுள்ள கரிமூட்டத்திலிருந்து தீ பரவி.’

எழுதிவிட்டுச் சத்தமாக வாசித்தாள். ஆறு பேர் கேட்டார்கள். கூடம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. கிருஷ்ணராஜ் தொண்டையைச் செருமிவிட்டு, “சரியாத்தான் இருக்கு” என்றார். கடற்கரை தரையில் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மோட்டார் குழாய் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க அவள் காட்டுக்குப் போனாள். மேற்கு வரப்போரம் வட்டமாக வெள்ளைச் சாம்பல் கிடந்தது. தட்டையைக் குவித்து எரித்த சாம்பல். அதற்கு மேற்கே ஒரு புல்கூடக் கருகவில்லை. அதிலிருந்து கிழக்கே, தெருவைப் பார்த்து, கறுப்பு பாய் விரித்த மாதிரி போயிருந்தது. அவள் எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள். நடந்து எண்ணினாள். சாம்பலில் இருந்து முதல் படப்பு நூற்றுப் பன்னிரண்டு எட்டு.

உழவுக்கு முன்னால் கட்டையைச் சேர்த்துக் குவித்து எரிப்பதற்கு அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயரும் மூட்டம்தான். தட்டை மூட்டம். அப்பா மூட்டம் என்றார். கரி என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தது அவள்.

அன்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் புது நோட்டில் முதல் தவறாக, ‘காவியாவுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன்’ என்று எழுதினாள்.

அதன் பிறகு சோலைமுத்துவை ஸ்டேஷனுக்கு மூன்று முறை கூப்பிட்டார்கள். அவரும் வள்ளிமயிலும் அங்கே காத்துக் கிடந்த நேரத்தில் மூட்டம் மண் வெடித்து வாய் திறந்து, இரண்டு மாத உழைப்பு சாம்பலாகிவிட்டது. தெருக்குழாயில் வள்ளிமயில் குடத்தை வைத்தால் யாராவது தள்ளி வைத்தார்கள். ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் குருவியூரணி விலக்கில் பஸ் நிற்கிற நிழற்குடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். விசாரணை முடியாமல் சொந்த ஊருக்கும் போகக் கூடாதாம். சந்தனமாரி தினமும் அந்த விலக்கில்தான் பஸ் ஏறி இறங்குகிறாள். ஏறும்போது ரோட்டைப் பார்ப்பாள். இறங்கும்போது செருப்பைப் பார்ப்பாள்.

*

இன்று காலை அவள் விலக்குக்கு நடந்துகொண்டிருந்தபோது கிருஷ்ணராஜ் பைக்கை நிறுத்தினார். மடித்த தாள் ஒன்றையும் ஒரு துண்டுச் சீட்டையும் நீட்டினார்.

“மனுவைத் திருப்பி விட்டுட்டாவ. சர்வே நம்பர் போடலியாம். ஆறு நம்பரும் சீட்டுல இருக்கு, எழுதி வை. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரும் தாலுகா ஆபீஸ் போறோம்.”

“புதுசா எழுதிரட்டுமா அண்ணாச்சி?”

“நீ அழகு பண்ணப் போயி கையெழுத்து அம்புட்டையும் மறுபடி வாங்கவா? நம்பரை மட்டும் போடு.” வண்டியைக் கிளப்பியவர் திரும்பினார். “நாளைக்கு அவனையும் வரச் சொல்லிருக்காவ.”

“யாரை?”

“கரிக்காரனைத்தான். ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டான்னா நம்ம சோலி முடிஞ்சுது. வீடு வந்துரும்.”

பகல் முழுக்க அந்தத் தாள் அவள் பையில் சாவியோடு கிடந்தது. பண்டல் கட்டுகையில் இரண்டு தரம் எண்ணிக்கை தப்பியது. சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்து ஆறு நம்பரையும் எழுதினாள். மூன்றாவது வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டே எழுதினாள். பிறகு நோட்டை எடுத்து, சாவியைப் பற்றி எழுதினாள்.

ஏழு மணிக்கு விலக்கில் இறங்கியபோது, செருப்பைப் பார்த்து நடந்தவளுக்கு முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன.

“ஏ தாயி, டைப்பு படிக்கிற பிள்ளை நீதானே?”

வள்ளிமயில். கையில் ஒரு கோடு போட்ட தாள். நிழற்குடை டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் முகம் மெலிந்து தெரிந்தது.

“ஒரு மனு எழுதித் தருவியா? நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கணும்.”

“நானா?”

“உன் எழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்லா. ஸ்டேஷன்ல உங்க ஊரு மனுவை எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனாவ. எழுதுனா இப்படி எழுதணும்னு அந்தப் போலீஸ்காரரே சொல்லுதாரு.”

சந்தனமாரி தாளை வாங்கினாள். “அக்கா, அந்த மனுவை நான்தான்...”

“தெரியும் தாயி. நீ என்ன பண்ணுவ. அவிய சொன்னதை எழுதுன. எழுதுற கையில என்ன இருக்கு?”

இதைவிட வள்ளிமயில் ஒரு அறை விட்டிருக்கலாம். அவிய யாரும் சொல்லவில்லை அக்கா, நானாகத்தான் எழுதினேன் என்று சொல்லப் போனாள். அதற்குள் தார்ப்பாய்க்குள்ளிருந்து சோலைமுத்து எழுந்து வந்தார். வலது கையில் அழுக்கான கட்டு. சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில், அவளுக்குத் தள்ளி உட்கார்ந்தார்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும் தாயி. கரிமூட்டம்னு வாயைத் திறந்து சொன்னது யாரு? பேரு வேண்டாம்.”

“பேரு வேண்டாம்னா எதுக்குக் கேக்க? பிள்ளைய எழுத விடும்” என்றாள் வள்ளிமயில்.

“இல்ல, நாப்பது வருசமா மூட்டம் போடுதேன். என் மூட்டத்துல இருந்து ஒரு பொறி வெளிய போனதில்ல. அதான் கேட்டேன். சரி, எழுது.”

அவர் சொன்னது கொஞ்சம்தான். மூட்டம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அன்று காற்று மேற்கிலிருந்து அடித்தது. எங்கள் குடிசையும் எரிந்தது. யார் மேலும் பழி சொல்ல வரவில்லை. பிழைப்புக்குப் போக விட வேண்டும். அவ்வளவுதான். ‘எங்கள் குடிசையும் எரிந்தது’ என்று எழுதும்போது அவள் பேனா நின்றது. ஊர் மனுவில் ஆறு வீடு என்று எழுதியிருந்தாள். எண்ணிப் பார்க்காமல் எதையும் விடாதவள், ஒரு வீட்டை எண்ணாமல் விட்டிருந்தாள். அது நாட்குறிப்பிலும் இல்லை.

கையெழுத்து இடத்தில் சோலைமுத்து இடது பெருவிரலை நீட்டினார். மை இல்லை. அவள் பேனா முனையால் அவர் விரலில் கோடு கோடாகக் கிறுக்கி, தாளில் அழுத்தினாள். கரி படிந்து படிந்து ரேகையே தேய்ந்த விரல். பாதிதான் விழுந்தது.

கைநாட்டு வைத்த மனுவின் அடியில், எழுதியவர் பெயர் வர வேண்டும். அதுவும் வகுப்பில் சொல்லித் தந்ததுதான். ‘சொல்லக் கேட்டு எழுதி, படித்துக் காட்டியவர்’ என்று எழுதி நிறுத்தினாள். நாளை காலை பத்து மணிக்கு ஒரே மேஜையில் இரண்டு தாள் இருக்கும். ஒன்று கிழக்கு என்று சொல்லும். ஒன்று மேற்கு என்று சொல்லும். இரண்டிலும் ஒரே கை. பெயரைப் போடாமல் கொடுத்தால் இவர்களுக்குத் தெரியப்போவதில்லை. பஸ் ஒன்று நிற்காமல் கடந்து போனது.

‘க. சந்தனமாரி’ என்று எழுதிக் கொடுத்தாள்.

வள்ளிமயில் தாளை வாங்கிக்கொண்டு, “இரு தாயி” என்று உள்ளே போய் ஒரு போளி எடுத்துவந்தாள். “கடம்பூர்ல ஒருத்தர் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டேன். குடுத்தாவ. தின்னுக்கோ.”

சந்தனமாரி அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், தின்னவும் முடியாமல், கையில் பிடித்துக்கொண்டே ஊர் வரைக்கும் நடந்தாள்.

*

தகரக் கொட்டகைகள் ஆறும் பழைய வரிசையிலேயே இருந்தன. யார் வீடு எங்கே இருந்ததோ அங்கேயே கொட்டகை. பெருமாயி அத்தை வாசலில் நின்று, நிவாரண மூட்டையில் வந்த நைட்டி ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியா மதினி, இதைக் குடுத்த மகராசி எந்தச் சைசுல இருந்திருப்பா? இதுக்குள்ள நீயும் நானும் சேந்து நுழைஞ்சாலும் ஒரு ஆட்டுக்குட்டிக்கு இடம் இருக்கும்.”

“வெட்டி ரெண்டு திரைச்சீலை தைச்சுரு. வாசல்ல தொங்கவிடலாம்” என்றாள் அம்மா முத்துத்தாய்.

“வீடு வரட்டும். புது வீட்டுக்குத் திரை நான் குடுக்கேன். என்ன மாரி, நாளைக்குப் போறோம்லா? நல்ல சேலை கட்டிட்டுப் போகவா, பாவமா தெரியுத சேலை கட்டிட்டுப் போகவா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். தீக்குப் பிறகு தெருவில் கேட்ட நாலைந்து சிரிப்பில் அது ஒன்று. அதைக் கெடுக்கப் போகிறவள் தானேதான் என்று நினைத்துக்கொண்டே சந்தனமாரி வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாவியை ஆணியில் மாட்டினாள். பின்னாலேயே வந்த அம்மாவின் தட்டில் போளியை வைத்தாள். யார் கொடுத்தது என்று அம்மா கேட்டாள். “விலக்குல. கரிக்கார அக்கா” என்றாள். அவள் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“யப்பா, அன்னைக்கு மூட்டத்துல இருந்துதான்னு சொன்னீங்கள்லா. எந்த மூட்டம்?”

கடற்கரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தட்டில் பிசைய ஒன்றும் மிச்சமில்லை.

“தட்டை மூட்டம்” என்றார்.

“என்ன சொல்லுதீய?” என்றாள் அம்மா.

“விடியக்காலம் காத்து எழும்பும் முன்ன வச்சேன். எரிஞ்சு முடிஞ்சதும் நாலு மம்பட்டி மண்ணும் தள்ளுனேன். அணைஞ்சிட்டுன்னுதான் வந்தேன். மத்தியானக் காத்து மண்ணைப் பறிச்சிருக்கு.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். “குச்சி இவ ஆபீஸ் குச்சிதான்.”

“நான் கரிமூட்டம்னு வாசிச்சேன். உங்களுக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ தெரிஞ்சேதான் எனக்காக எழுதுதன்னு நினைச்சேன்ட்டி. பெத்த பிள்ளை மறைக்கா. அதைத் தட்டிவிட எனக்கு வாய் வரல. அன்னையில இருந்து உன் மூஞ்சியைப் பாக்கவே கூச்சமா இருக்கு.”

இருபத்தேழு நாளாக அப்பா அவள் முகத்தைப் பார்க்காததை அவள் கவனித்திருந்தாள். தான் கரி என்று எழுதிவிட்ட கோபம் என்று நினைத்திருந்தாள்.

“எனக்குத் தெரியாதுப்பா. தெரியாமத்தான் எழுதுனேன்.”

சொல்லி முடித்ததும் அது உண்மைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தீப்பிடித்த அன்று காலையில் அப்பா காட்டிலிருந்து வந்தபோது அவர் சட்டையில் தட்டைப் புகை வாடை இருந்தது. துவைக்க வாங்கிப் போட்டவள் அவள்தான். கூடத்தில் பேனாவைப் பிடித்தபோது அந்த வாடை நினைவில் இருந்ததா, இல்லையா? இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை. கரி என்று எழுதும்போது கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

அவள் பையிலிருந்து மனுவை எடுத்து விரித்தாள். விலக்கில் எழுதிக் கொடுத்ததையும் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். போளியை இரண்டாகப் பிய்த்து, அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

“தானா வச்ச தீன்னு சொல்லி வீடு தராம விட்டுட்டா? நமக்குப் போனாப் போகுது. மத்த அஞ்சு வீடு? பெருமாயி மதினி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

வெளியே பெருமாயி அத்தை இன்னும் அந்த நைட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவியளுக்கும் தெரியும்” என்றார் கடற்கரை மெதுவாக. “காத்து எங்கிட்டு இருந்து அடிச்சதுன்னு தெரியாத ஆளு இந்தத் தெருவுல யாரு? நீ வாசிக்கையில கூடமே பேசாம இருந்துச்சே, எதுக்குன்னு நினைச்ச?”

கையைக் கழுவிவிட்டு வந்து, தாளைப் பார்த்து நின்றார். எழுத்து தெரியாதவர் இல்லை. மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

“இதை அடிக்க முடியுமா? இல்ல, புதுசா எழுதணுமா?”

“ஒரே கோடு போட்டு அடிக்கலாம். மேல சரியானதை எழுதணும். பக்கத்துல எழுதுனவ சின்னக் கையெழுத்துப் போடணும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட எல்லாரும் பாத்துட்டுப் போடணும்.”

“எல்லாருமா?”

“ஆறு பேரும்.”

அவர் விரலை எடுத்துக்கொண்டார். பிறகு, “அடி” என்றார்.

அவள் பேனாவைத் திறந்தாள். கோடு நேராக வர வேண்டுமே என்று நோட்டின் ஓரத்தை வைத்துப் பிடித்தாள். ‘அருகிலுள்ள கரி’ என்பதன் குறுக்கே ஒரே கோடு. அடித்த பிறகும் க, ரி இரண்டும் கீழே தெளிவாகத் தெரிந்தன. மேலே, ‘கடற்கரை தன் காட்டில் வைத்த தட்டை’ என்று எழுதினாள். ‘ஆறு வீடுகள்’ என்ற இடத்தில் ஆறை அடித்து ஏழு என்று போட்டாள். இரண்டு இடத்திலும் சுருக்கொப்பம். அப்பா பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார். சின்னக் கையெழுத்து போதும் என்று அவள் சொல்லவில்லை.

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, போளியில் ஒரு பாதியைச் சந்தனமாரியின் கையில் வைத்தாள். கோபம் தீர்ந்ததா என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

சந்தனமாரி நாட்குறிப்பைத் திறந்து, சாயங்காலம் எழுதியதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு எழுதினாள்.

இன்றைய தவறு சாவி இல்லை. தவறு ஜூன் 6-இல் செய்தது. கரி என்ற இரண்டு எழுத்தை நானாகச் சேர்த்தேன். தெரிந்தா தெரியாமலா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டுப் பட்டியைத் திறந்துவிட்டவரின் வீட்டை எண்ணாமல் விட்டேன். அவர் யார் சொன்னது என்று கேட்டபோது, வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டுப் போளியைத் தின்றேன். நாளை என்னோடு வருவதாக அப்பா சொல்லவில்லை. இருக்கிற ஒரு வெள்ளைச் சட்டையை மட்டும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார்.

நாளைய வேலை: காலை ஆறு மணிக்கு மனுவை எடுத்துக்கொண்டு ஐந்து கொட்டகைக்கும் போக வேண்டும். அடித்த இடத்தைக் காட்டி, வாசித்துச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்துக் கேட்க வேண்டும். முதலில் பெருமாயி அத்தை, கடைசியில் கிருஷ்ணராஜ் அண்ணாச்சி. போடாதவர்கள் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆபீஸுக்கு லீவு சொல்ல வேண்டும். எட்டரை மணி பஸ்ஸுக்கு முன்னால் விலக்கில் சோலைமுத்து அண்ணாச்சியைப் பார்த்து, கரி என்று சொன்னது யார் என்று சொல்ல வேண்டும்.